காருக்குள்ள லேப்டாப்பை சொருகுறதுக்கு முன்னாடி... படிக்கிறது வேற, எழுதுறது வேற!

"எண்பதைத் தாண்டினாலே இந்த பீப் சத்தம் உயிரை வாங்குது மக்கா... லேப்டாப்பை சொருகி ரெண்டே நிமிஷத்துல ஆஃப் பண்ணித் தராங்களாம்!"

டிஎன் 74, டிஎன் 75 நம்பர் பிளேட் ஓடுகிற ஊர்களில் கார் வைத்திருப்பவர் என்றால், இந்தப் பேச்சு உங்கள் காதுக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும். நாகர்கோவிலோ, தக்கலையோ, மார்த்தாண்டமோ, ஒரு லேப்டாப், ஒரு கேபிள், யாரோ கொடுத்த சாஃப்ட்வேர், இவ்வளவு இருந்தால் போதும் என்கிறார்கள். பீப் சத்தம் மட்டுமில்லை. ஏர்பேக் விளக்கு அணையணுமா, டீசல் வண்டிக்கு பிக்கப் கூடணுமா, புகை ஃபில்டர் அடைப்பு மெசேஜ் வரக்கூடாதா, எல்லாமே அந்த ஒரு கேபிள் வழியாகவே நடக்கிறது.

இதில் எது சும்மா செய்யலாம், எது செய்தால் வண்டி ரோட்டோரம் நிற்கும், எது உயிருக்கே உலை வைக்கும்? கேபிளைச் சொருக அனுமதிக்கும் முன் இந்த வித்தியாசம் வண்டிக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு வாசல்

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முழங்கால் பக்கம் குனிந்து பாருங்கள். 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதுதான் ஓபிடி போர்ட். வண்டி புகை கக்கினால் அதைத் தானே கண்டுபிடித்து விளக்கு போட்டுச் சொல்ல வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு இது. அமெரிக்காவில் 1996-லிருந்து புது கார்களுக்கு இதன் இரண்டாம் தலைமுறையான ஓபிடி-2 கட்டாயம். நம் நாட்டில் பிஎஸ்4 காலத்தில் படிப்படியாக வந்தது.

இன்றைய காரில் கம்ப்யூட்டர் ஒன்றோடு முடிவதில்லை. இன்ஜினுக்கு ஒன்று, பிரேக்கின் ஏபிஎஸ்ஸுக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, விளக்கு, கதவு, வைப்பருக்கு ஒன்று, மீட்டர் போர்டுக்கு ஒன்று என்று பல மாட்யூல்கள் உண்டு. இவை 'கேன்' என்கிற ஒயர் பின்னல் வழியாக ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். ஓபிடி போர்ட் அந்தப் பேச்சுக்குள் நுழைகிற வாசல். பீப் சத்தத்தை நிறுத்தப் போன ஆளுக்கு, பிரேக் மாட்யூல் வரை வழி திறந்திருக்க வாய்ப்பு உண்டு. வீட்டுக்குள் விட்டாச்சு, எந்த அறைக்குப் போகிறார் என்பது அவர் கையில்!

இந்த வாசல் வழியாகச் செய்கிற வேலைகள் மூன்று வகை.

முதல் வகை, படிப்பது. இன்ஜின் விளக்கு எரிந்தால் என்ன கோடு பதிவாகியிருக்கிறது, ரேடியேட்டர் தண்ணீர் எவ்வளவு சூடு, பேட்டரி எத்தனை வோல்ட் என்று பார்ப்பது. உதாரணமாக பி0300 என்று வந்தால், இன்ஜினில் மிஸ்ஃபயர் இருக்கிறது என்று அர்த்தம். இதில் பெரிய ஆபத்து இல்லை. சொல்லப்போனால், இது தெரிந்த வண்டிக்காரரை ஒர்க்‌ஷாப்பில் யாரும் சுலபமாக ஏமாற்ற முடியாது.

இரண்டாவது, கோடிங். மாட்யூலுக்குள் ஏற்கெனவே இருக்கிற தேர்வுகளை மாற்றுவது. வண்டியைப் பூட்டினால் கண்ணாடி மடங்க வேண்டுமா, பகல் விளக்கு எரிய வேண்டுமா என்பது மாதிரி.

மூன்றாவது, ஃப்ளாஷ் செய்வது. மாட்யூலில் இருக்கிற புரோகிராமையே அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றுவது. 'ரீமேப்' என்று சொல்வது இந்த வகைதான்.

படிப்பதற்குப் பத்து பைசா பயம் வேண்டாம். சிக்கல் எல்லாம் எழுதுவதில் ஆரம்பிக்கிறது.

மறைமலை நகரில் பிறந்த கார்கள்

ஃபோர்டு வண்டிக்காரர்களைக் கேட்டால் இந்தக் கதை நன்றாகப் புரியும். சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட், நம்ம ஊர் குறுகிய ரோட்டுக்கும் மேடு பள்ளத்துக்கும் ஏற்ற வண்டி என்று பலர் ஆசையாக வாங்கியது. 2021 செப்டம்பர் 9-ம் தேதி, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022-ல் மறைமலை நகரிலிருந்து கடைசி ஈகோஸ்போர்ட் வெளியே வந்தது. சர்வீஸும் உதிரி பாகமும் தொடரும் என்று நிறுவனம் சொன்னது. ஆனாலும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பதற்றம் வரத்தானே செய்யும்?

அந்த நேரத்தில் பலருக்குக் கைகொடுத்தது 'ஃபோர்ஸ்கேன்' என்கிற சாஃப்ட்வேர். ஃபோர்டு நிறுவனத்துடையது அல்ல, வெளியார் உருவாக்கியது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளுக்கு 'விசிடிஎஸ்', 'ஓபிடி லெவன்' இருப்பது மாதிரி ஃபோர்டுக்கு இது. சாதாரண ஸ்கேனருக்குத் தெரியாத கோளாறுகளையும் இது படிக்கும். அந்த வகையில் உண்மையிலேயே உபயோகமான பொருள்.

ஆனால், இதே சாஃப்ட்வேரில் மாட்யூலின் அமைப்பை மாற்றுகிற பக்கமும் இருக்கிறது. அங்கே தமிழோ இங்கிலீஷோ இருக்காது. எண்ணும் எழுத்துமாக வரிசை வரிசையாக ஓடும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வேலை. அமெரிக்க மாடலுக்குச் சொன்ன வரியை இங்கே ஓடுகிற வண்டியில் அப்படியே போட்டால், அந்த இடம் வேறு எதையோ கட்டுப்படுத்துவதாக இருக்கலாம். கண்ணாடி மடங்க வைக்கப் போய், ரிவர்ஸ் கேமரா வேலை செய்யாமல் நின்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதற்கு ஒரு காப்பு உண்டு. மாற்றும் முன் அந்த மாட்யூலின் பழைய அமைப்பை ஒரு ஃபைலாகச் சேமித்துவிடலாம். தொழிற்சாலையிலிருந்து வந்த அசல் அமைப்பை ஃபோர்டு வண்டிகளுக்கு சேஸிஸ் நம்பரை வைத்தே எடுக்கவும் வழி இருக்கிறது. "பேக்கப் எடுத்தீங்களா?" என்று கேட்டால் முழிக்கிற ஆளிடம் உங்கள் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

பாதியில் நின்றால்?

ஓட்டு வீட்டில் பழைய ஓட்டையெல்லாம் பிரித்துப் போட்டாச்சு, புது ஓடு இன்னும் மேலே ஏறவில்லை, அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? ஃப்ளாஷ் செய்யும்போது பாதியில் தடைபட்டால் அதே கதிதான். பழைய புரோகிராம் அழிந்துவிட்டது, புதியது முழுசாக ஏறவில்லை. மாட்யூல் ஊமையாகிவிடும். சாவியைத் திருப்பினால் வண்டி எடுக்காது.

தடைபடுவதற்குக் காரணம் பெரிதாக ஒன்றும் இருக்க வேண்டாம். இன்ஜின் ஓடாமல் இக்னிஷன் மட்டும் ஆனில் இருக்கும்போது பேட்டரி இறங்கிக்கொண்டே வரும். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டுகிற பேட்டரி, பழையதாக இருந்தால் சட்டென்று 12-க்குக் கீழே விழும். லேப்டாப் தானாகத் தூங்கப் போகலாம். ப்ளூடூத் தொடர்பு ஒரு நொடி அறுந்து போகலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஃப்ளாஷ் செய்யும்போது பேட்டரிக்கு வெளியிலிருந்து சீரான மின்சாரம் கொடுக்கிற யூனிட்டை மாட்டுவது இதற்காகத்தான்.

இன்னொன்று, சொருகுகிற அடாப்டர். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ப்ளூடூத் அடாப்டர்களில் பெரும்பாலானவை 'எல்ம்327' என்கிற சிப்பின் நகல். கோடு படிக்க ஓரளவு போதும். எழுதுகிற வேலைக்கு அது நம்பிக்கையான கை அல்ல. அதைச் சொருகியபடியே விட்டுவிடுவதும் தப்பு. அந்த போர்ட்டில் வண்டி ஆஃபில் இருந்தாலும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். பல நாள் நிறுத்தி வைக்கிற வண்டியில் பேட்டரி படுத்துவிடும். நம்ம மாவட்டத்தில் வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு வளைகுடாவுக்குப் போகிறவர்கள் அதிகம் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சொருகி விடுவதில் வேறு ஆபத்தும் உண்டு. 2015-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கார்வெட் கார் ஒன்றின் ஓபிடி போர்ட்டில் சொருகியிருந்த கண்காணிப்புக் கருவிக்கு எஸ்எம்எஸ் அனுப்பினார்கள். குறைந்த வேகத்தில் போன அந்த வண்டியின் பிரேக்கைப் போடவும், வேலை செய்யாமல் ஆக்கவும் அவர்களால் முடிந்தது!

ஒரே இன்ஜின்தானே... பிக்கப் ஏற்றினால் என்ன?

"கம்பெனிக்காரன் வேணும்னே பவரைக் குறைச்சு வெச்சிருக்கான், சாஃப்ட்வேர்ல திறந்துவிட்டா போதும்." ரீமேப் பற்றிப் பேசும்போது முதலில் வருகிற வாதம் இதுதான். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால், பாதி உண்மை.

ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். மாருதி ஸ்விஃப்ட் டீசலில் அது 75 குதிரைத்திறன். எர்டிகாவில் அதே 1.3 லிட்டர், 90 குதிரைத்திறன். அப்போ சாஃப்ட்வேர் மட்டும்தானே வித்தியாசம் என்று தோன்றும். இல்லை. 90 குதிரைத்திறன் இன்ஜினில் இருந்த டர்போவே வேறு. காற்றின் ஓட்டத்துக்கு ஏற்றபடி உள்ளே இதழ்கள் அசைந்து கொடுக்கிற வகை அது. ஸ்விஃப்ட்டில் இருந்தது சாதாரண டர்போ. சாஃப்ட்வேரில் எண்ணை மாற்றினால் இரும்பு மாறாது.

ரீமேப் செய்யும்போது நடப்பது என்ன? டர்போ தள்ளுகிற காற்றும் இன்ஜெக்டர் அடிக்கிற டீசலும் கூடும். பவர் கூடும். கூடவே சூடும் கூடும். அந்தச் சூட்டை டர்போ தாங்க வேண்டும், கூடின இழுவையை கிளட்ச் தாங்க வேண்டும். மூணு மாதம் ஆரல்வாய்மொழிக் காற்றை எதிர்த்துப் பறக்கிற சந்தோஷம் இருக்கும். நாலாவது மாதம் கிளட்ச் பிளேட் வாசனை வரலாம்.

வண்டி நின்றுவிடுவதைவிடப் பெரிய தலைவலி, 'லிம்ப் மோட்'. சென்சார் சொல்வதும் புரோகிராம் எதிர்பார்ப்பதும் ஒத்துப்போகவில்லை என்றால், இன்ஜினைக் காப்பாற்ற கம்ப்யூட்டர் பவரைக் குறைத்துவிடும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகர்ந்து நகர்ந்துதான் போகும். ராத்திரி நேரம், நெஞ்சுவலிக்காரரை ஏற்றிக்கொண்டு திருவனந்தபுரத்துக்குப் போகிறீர்கள். குழித்துறை தாண்டும்போது அப்படி ஆனால்? நம்ம மாவட்டத்தில் பல வீடுகளில் கார் வாங்குவதே இந்த மாதிரி அவசரத்துக்குத்தானே!

ஃபில்டரை வெட்டி எறிவதற்கு முன்...

2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபிறகு, டீசல் கார்களில் டிபிஎஃப் என்கிற புகைக்கரி ஃபில்டர் வந்துவிட்டது. கரி சேர்ந்ததும் வண்டி அதைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குச் சூடு வேண்டும். சூட்டுக்குக் கொஞ்ச நேரம் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். வடசேரிக்கும் கோட்டாறுக்கும் இடையே நெரிசலில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. விளக்கு எரியும். உடனே, "அதை எடுத்துட்டு சாஃப்ட்வேர்ல டெலீட் பண்ணிடலாம்" என்று ஒரு யோசனை வரும்.

கொஞ்சம் பொறுங்கள். ஃபில்டர் விளக்கு மட்டும் எரிகிறது, இன்ஜின் விளக்கு எரியவில்லை என்றால், வண்டியோடு வந்த புத்தகத்தில் சொல்லியபடி ஓட்டிப் பாருங்கள். காவல்கிணறு தாண்டி திருநெல்வேலி போகிற நான்குவழிச் சாலையில், 20 நிமிஷம் போல சீரான வேகத்தில் போனால் பல நேரங்களில் விளக்கு தானாக அணையும். போய்வர டீசல் செலவு மட்டும்தான்.

ஃபில்டரை எடுத்துவிட்டால் கரி போகிற இடம் நம் நுரையீரல். சாஃப்ட்வேரால் புகையை மறைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு உலகமே அறிந்த சாட்சி ஃபோக்ஸ்வாகன். சோதனைக்கூடத்தில் மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டு, ரோட்டில் அதிகமாக நச்சுப்புகை விடும்படி சாஃப்ட்வேர் எழுதியதாக 2015 செப்டம்பரில் அந்த நிறுவனம் அமெரிக்காவில் மாட்டியது. உலகம் முழுக்க 1.1 கோடி வண்டிகளில் அந்த சாஃப்ட்வேர் இருந்தது. இந்தியாவிலும் 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விவகாரம் பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

ஏர்பேக் விளக்கு அணைந்தால் சரியாகிவிட்டதா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள்.

ஏர்பேக் விளக்கு எரிகிறது என்றால், விபத்து நடந்தால் ஏர்பேக் விரியாமல் போகலாம் என்று வண்டி எச்சரிக்கிறது. சாஃப்ட்வேரில் கோடை அழித்தால் விளக்கு அணையும். கோளாறு அப்படியே இருக்கும். இதைவிட மோசம், விபத்தில் விரிந்துபோன ஏர்பேக்கை மாற்றாமல், அந்த இடத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்து, மாட்யூலில் பதிவான விபத்துத் தகவலையும் அழித்து வண்டியை விற்பது. மாட்யூலைப் பொறுத்தவரை எல்லாம் ஓகே. ஸ்டீயரிங்குக்குள்ளே காலி!

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கும்போது, இக்னிஷனை ஆன் செய்து மீட்டரைப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகம்தான். பல்பையோ இணைப்பையோ எடுத்திருக்கலாம். பேட்டரி விளக்கு, ஆயில் விளக்கு அணைகிற அதே நொடியில் ஏர்பேக் விளக்கும் அணைந்தால் அதையும் கவனியுங்கள். அதோடு, நல்ல ஸ்கேனர் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். சில வண்டிகளில் ஓடிய கிலோமீட்டர் மீட்டர் போர்டைத் தவிர வேறு மாட்யூல்களிலும் பதிவாகியிருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மீட்டரைத் திருப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். படிக்கிற வேலை உங்களுக்கு லாபம் தருகிற இடம் இது.

ஆரம்பத்தில் பார்த்த பீப் சத்தத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். 2019 ஜூலை 1-லிருந்து தயாராகிற கார்களில் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் விடாமலும் சத்தம் வர வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. சீட் பெல்ட் எச்சரிக்கையும் அதே விதியோடு வந்தது. பெல்ட் போட்டவரைக் காப்பாற்றத்தான் ஏர்பேக் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பெல்ட் இல்லாமல் முன்னால் பாய்கிற ஆளை, விரிகிற ஏர்பேக்கே காயப்படுத்தும். பெல்ட் பீப்பை நிறுத்துவது சின்ன கோடிங் வேலைதான். அது யாரை எழுப்புவதற்காக வைத்தது என்பதை யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

போலீஸ் பார்த்தால் தெரியவா போகுது?

வெளியே இருந்து பார்த்தால் தெரியாதுதான். பம்பரில் மாட்டுகிற கம்பி மாதிரி சாஃப்ட்வேர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால், சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பக்கத்து கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் மாற்றம் செய்கிற உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. காற்று மாசு விதியை மீறி ஓட்டினால் 190-வது பிரிவில் 10,000 ரூபாய் வரை போகலாம். கண்ணாடி மடங்குகிற கோடிங்குக்கு யாரும் வழக்குப் போடப்போவதில்லை. பவரைக் கூட்டுவதும், டிபிஎஃப்பை எடுப்பதும் வேறு விஷயம்.

பர்ஸைத் தொடுகிற இடம் வாரன்ட்டியும் இன்ஷூரன்ஸும். சில நிறுவனங்களின் இன்ஜின் கம்ப்யூட்டர், தன் மேல் எத்தனை முறை எழுதினார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளும். பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றினாலும் அந்தக் கணக்கு குறையாது. வாரன்ட்டி கேட்டுப் போனால் அங்கே தெரிந்துவிடும். பெரிய விபத்தில், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி, உங்கள் வண்டிச் சேதத்துக்கான பணத்தை இன்ஷூரன்ஸ் நிறுவனம் மறுக்கலாம்.

சரி, என்னதான் செய்யலாம்?

ஸ்கேனரைக் கண்டு பயப்பட வேண்டாம். உங்கள் வண்டியின் கோளாறைத் தெரிந்துகொள்வதும், கம்பெனிக்கு வெளியே ரிப்பேர் செய்வதும் உங்கள் உரிமை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஆரம்பித்த 'ரைட் டு ரிப்பேர்' தளத்தில் வாகனத் துறையும் ஒன்று.

கோடை அழிக்கும் முன் அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழித்த பிறகும் அதே கோடு திரும்ப வந்தால், கோளாறு நிஜம். ஏர்பேக், ஏபிஎஸ், ஸ்டீயரிங் இந்த மூன்று மாட்யூலிலும் எழுத யாரையும் அனுமதிக்காதீர்கள். அது கம்பெனி சர்வீஸ் சென்டர் வேலை. சின்ன கோடிங் செய்தே ஆக வேண்டும் என்றால், நகல் சாஃப்ட்வேர் இல்லாமல் காசு கொடுத்து வாங்கியதை வைத்திருப்பவரிடம் போங்கள். பேட்டரிக்கு சார்ஜர் மாட்டச் சொல்லுங்கள், ப்ளூடூத்தை விட்டு கேபிளில் செய்யச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். எதை மாற்றினார் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி, ஆர்சி புக் கூட வையுங்கள்.

வேலையை ஆரம்பிக்கும் முன் அந்த அண்ணாச்சியிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். "படிக்கப் போறீங்களா, எழுதப் போறீங்களா? எந்த மாட்யூல்ல? பாதியில நின்னா திரும்பக் கொண்டுவர உங்ககிட்ட ஃபைல் இருக்கா?" மூன்றுக்கும் தெளிவாகப் பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, விடுங்க" என்று பதில் வந்தால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பீப் சத்தத்தோடு ஓடுகிற வண்டி எவ்வளவோ மேல்!